நாலு போன இடம்

மூன்று வெள்ளிக்கிழமை.
எழுபத்தொன்று, எண்பத்தெட்டு, நூற்று நாலு.
ரெக்ஸ்லின் அடித்த கணக்கு
மெஸ் சுவரில் மார்க்கரால் எழுதியிருக்கிறது,
பருப்புக் குழம்பு தெறித்த கறைக்குச் சற்று மேலே.

சோஹார். மழை வந்தால் மட்டும் ஆறாகும் வாதியில்
கூழாங்கல்லைக் கூட்டித் தள்ளிய மைதானம்.
முப்பது ஓவர், வெள்ளை டேப் சுற்றிய பந்து,
விடியலில் தொடங்கி
ஜும்ஆவுக்கு முன் முடிந்துவிடும் ஆட்டம்.

ஹஜ் பெருநாளுக்கு நாலு நாள் லீவு விட்டபோது
கல்முனை ரிஸ்மிதான் முதலில் சொன்னான்:
பலஜ் முகாமோடு ஒரு டெஸ்ட். ரெண்டு இன்னிங்ஸ்.
அன்று இரவு
பன்னிரண்டு கட்டில் அறையில் ஒரே வழக்கு.
வெள்ளிக்கிழமை ஃபார்ம் நாலு நாள் தாங்குமா?
தாங்கும், கை அதே கைதானே என்றான் ஒருவன்.
ஆம்லெட் போடும் தீயில் பாயா வேகாது என்றார்
சமையல் ஹமீது சுல்தான்.
என் ஃபார்ம் பற்றி யாரும் கேட்கவில்லை.
நான் ஒன்பதாவது ஆள்.
பத்தொன்பது பந்தில் நாலு.
"கட்டை போடாதே" என்று
மூன்று மொழியில் திட்டு வாங்குபவன்.

முதல் நாள், காலை ஐந்தரை.
சிவப்பு டேப்.
குல்ஷேர் ஓடி வருகிறான், ஸ்வாத்காரன்,
சாரம் கட்டிக் கட்டி இறுகிய தோள்.
ரெக்ஸ்லின் தன் வழக்கமான நாலுக்குப் போனான்:
விலகும் பந்து, கால் நகராது,
கையை மட்டும் வீசுவான்,
விளிம்பில் பட்டுக் கீப்பருக்குப் பக்கத்தில் பறக்கும்.
வெள்ளிக்கிழமைகளில் அதற்கு விசிலடிப்போம்.
அன்று அங்கே
ஒரு பெயிண்டர் குனிந்து நின்றிருந்தான்.

அவ்வளவுதான்.
அதே பந்து, அதே வீச்சு, அதே விளிம்பு.
நாலு போன இடத்தில் ரெண்டு கை.
சுவரில் இருக்கும் எண்களில் எத்தனையை
ஆளில்லாத இடங்கள் அடித்துக் கொடுத்தன என்று
நின்ற இடத்திலேயே கணக்குப் போட்டேன்.
அவனிடம் சொல்லவில்லை.

சிமெண்ட் பிட்ச், மூன்றாம் நாளும் வெடிக்கவில்லை.
எங்கள் உதடுதான் வெடித்தது.
மாலை, வெளிச்சம் மங்க ஒரு மணி நேரம் இருக்க,
முதல் விக்கெட் விழுந்ததும் ரிஸ்மி என்னைப் பார்த்தான்.
"யாராவது சும்மா நிக்கணும்."

சும்மா நிற்க எனக்குச் சம்பளமே தருகிறார்கள்.
கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, இரவு ஷிஃப்ட்,
முள் அசையாதிருந்தால் எல்லாம் நடக்கிறது என்று பொருள்.
விட்டேன். இன்னொன்றையும் விட்டேன்.
குல்ஷேர் இடுப்பில் கை வைத்து
பஷ்தோவில் வானத்திடம் புகார் சொன்னான்.
அப்படிக் கைதட்டல் நான் வாங்கியதில்லை.

நாலாம் நாள் காலை எதிர்முனையில் ரெக்ஸ்லின்.
மூன்று முறை வீசி, மூன்றும் காற்று.
ஓவர் இடைவெளியில் வந்தான்:
"எப்பிடிண்ணே அடிக்காம நிக்கிய?"
"அடிக்கத் தெரியாது."
சிரிக்கவில்லை அவன்.
நாற்பது நிமிடம் அடக்கிப் பார்த்தான், கழுத்து நரம்பு தெரிய.
பிறகு ஒரு சிக்ஸர், முள்மரத்துக்கு மேலே.
அடுத்த பந்தில் ஸ்டம்ப்.
முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

நான் பதினேழு. நூற்று முப்பத்தொரு பந்து.
எப்படி அவுட் என்று கேட்காதீர்கள்.
ஃபுல் டாஸ்.
மாலை, எங்கள் ஒன்பதாவது விக்கெட் விழுந்த நேரம்
பலஜ் முகாம் பேருந்து ஹாரன் அடித்தது,
அவர்களுக்கு இரவு ஷிஃப்ட்.
யாரும் ஜெயிக்கவில்லை.
பந்தை மட்டும் குல்ஷேர் கொண்டு போனான்.

அடுத்த வெள்ளி, வெள்ளை டேப்.
ரெக்ஸ்லின் அறுபத்து மூன்று. சுவரில் ஏறிவிட்டது.
நான் மறுபடி ஒன்பது.
வெளியே போகும் முதல் பந்தைப் பழக்கத்தில் விட்டேன்,
மட்டையைத் தோளுக்குத் தூக்கி,
டெஸ்ட் ஆட்டக்காரன் மாதிரியே.
அம்பயர் ரெண்டு கையையும் விரித்தார்.
வைடு. ஒரு ரன்.
அது என் கணக்கில் வராது.