இருவருக்கும் ஒரே காற்று

செந்தோசாவில் என் வேலை
காற்றைக் கூட்டுவது, குறைப்பது.
ஐந்து மாடி உயரக் கண்ணாடிக் குழாய்.
விசிறிகள் எங்கோ, யார் கண்ணிலும் படாது.
வருகிறவர்கள் பறப்பதாக நினைக்கிறார்கள்.
இல்லை, விழுகிறார்கள்.
அவர்கள் விழும் வேகத்தில் நான் காற்றை மேலே அனுப்புகிறேன்.
எங்கும் போய்ச் சேராமல்
விழுந்துகொண்டே இருக்கிறார்கள்.

பாலிடெக்னிக்கில் இதில்தான் எனக்கு இரண்டு மதிப்பெண் போனது.
எடை கீழே, தடை மேலே,
இரண்டும் சமம், நிகர விசை சுழியம்,
‘எனவே பொருள் நின்றுவிடும்’ என்று எழுதினேன்.
பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி.
நிற்பது பொருளில்லை,
வேகம் வளர்வதுதான் நிற்கிறது.
அதன் பெயர் முற்றுத் திசைவேகம்.
முற்று என்றாலும் முடிவதில்லை.

ஞாயிறு, கடைசிக்கு முந்தைய சுற்று.
தனசீலன், தொண்ணூற்றாறு கிலோ.
அமிழ்தா, ஒன்பது வயது, இருபத்து நாலு கிலோ.
பெற்றோர் கையொப்பத்துக்கு
அம்மா கைப்பேசியில் அனுப்பிய படம்.
ஐந்தரைக்குள் கொண்டுபோய் விடவேண்டுமாம்.
மூன்று முறை மணி கேட்டார்.
“ரெண்டு பேரும் ஒண்ணா,” என்றாள் அவள்.

ஷாஹ்ரின் என்னைப் பார்த்தான்.
அப்பாவைத் தாங்கும் காற்று
மகளைக் கூரைக்குத் தூக்கிவிடும்.
மகளைத் தாங்கும் காற்றில்
அப்பா வலையில் கிடக்கும் அரிசி மூட்டை.
வெற்றிடத்தில் என்றால் சேர்ந்தே விழுவார்கள், தெரியும்.
வெற்றிடத்தில் யார் குடியிருக்கிறார்கள்?
காற்று ஒவ்வொருவரையும் கேட்கிறது,
எவ்வளவு கனம், எவ்வளவு விரிவு என்று.
கேட்டுத்தான் வேகம் தருகிறது.

அவருக்குத் தொளதொளத்த உடுப்பு.
அவளுக்கு இறுக்கமானது, இடுப்பில் ஈயப் பட்டை.

விநாடிக்கு நாற்பத்தைந்து மீட்டர்.
அவள் எழுந்தாள். அவர் எழவில்லை.
நாற்பத்தேழு.
நாற்பத்தொன்பது. இப்போது அவள் அவர் தலைக்கு மேலே,
ஷாஹ்ரின் கை அவள் காலணியில்.
உள்ளே பேச்சு கேட்காது,
விரலை விரித்துக் காட்டினான்.

தனசீலன் விரித்தார்.
தோள், வயிறு, முழங்கை,
இழுத்துப் பிடித்திருந்த எல்லாவற்றையும்.
அவள் கையை விலாவோடு ஒட்டினாள், காலை மடக்கினாள்,
சின்னதாகிச் சின்னதாகி இறங்கினாள்.

ஐம்பது புள்ளி மூன்று.

ஒரே உயரம்.
குமிழிலிருந்து நான் விரலை எடுக்கவில்லை.
கன்னமெல்லாம் காற்றில் நெளிய
அவர் மூக்கை அவள் எட்டித் தொட்டாள்.
நான்கு விநாடி.
இருந்த இடத்திலேயே
இருநூறு மீட்டர் சேர்ந்து விழுந்தார்கள்.

பிறகு அவர் சிரித்து உடம்பு குலைந்தது,
அவள் மேலே போய்விட்டாள்.

வேலை முடிந்து பஸ் நிறுத்தத்தில் நிற்கிறேன், மழை.
இரண்டு கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் துளி.
தடுப்பார் இல்லையென்றால்
மணிக்கு எழுநூறு கிலோமீட்டர், தோலைக் கிழிக்கும்.
வழிநெடுகக் காற்று மறுத்து மறுத்து
கண்ணிமையில் இப்படி இறங்குகிறது,
திருப்பத்தில் வரும் பஸ்ஸின் வேகத்தில்.

பதிவேட்டில் இருவர் பெயருக்கும் எதிரே
அந்த எண்ணை எழுதி வைத்தேன்.
டிசம்பரில் மறுபடி வருவாளாம்.
அதற்குள் ஒரு கிலோவாவது ஏறியிருப்பாள்,
அவர் இளைத்திருக்கலாம்.
எண் உதவாது.
பென்சிலில்தான் எழுதினேன்.