காற்று இல்லாத நாள்

முதல் நாள் இரண்டு விளக்குக் கம்பம்.
மூன்றாவதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
விலாவுக்குள் யாரோ நண்டு உடைக்கும் கத்தியை
வைத்துத் திருகினார்கள்.
தெருநாய் ஒன்று உட்கார்ந்து பார்த்தது,
இரக்கத்தில் அல்ல,
அதற்கும் பொழுது போகவில்லை.

புந்தா அரேனாஸில் காற்றுக்குச்
சம்பளம் கொடுக்காத குறைதான்.
வசந்தம் வந்தால் நகராட்சி ஆட்கள்
முனைக்கு முனை கயிறு கட்டுவார்கள்,
சனங்கள் பிடித்துக்கொண்டு தெருவைக் கடக்க.
இந்த ஊரில் ஓடப் போகிறேன் என்றதும்
கூடமே சிரித்தது.
"காற்றே உன்னைத் தூக்கிக்கொண்டு போகுமே நெல்டா,
கால் எதற்கு?" என்றாள் மிரேயா.
நானும் சிரித்தேன்,
சிரித்துக்கொண்டே அடுத்த நண்டை உடைத்தேன்.

ஏன் ஓடுகிறேன் என்றால்:
பொர்வெனிர் படகு.
தங்கை மகனுக்கு ஞானஸ்நானம்.
ஐம்பது மீட்டர்தான் இருந்தது.
ஓடியிருந்தால் பிடித்திருக்கலாம் என்றார்கள்.
ஓடினேன் ஐயா.
ஓடித்தான் விட்டேன்.
படகின் இரும்புத் தாடை
என் கண்ணெதிரே மூடிக்கொண்டது.
நாற்பத்தேழு வயதில்
என் கால்கள் யாருடையவை என்று
அன்றைக்குத்தான் சந்தேகம் வந்தது.

சந்தையில் மலிவாகக் கிடைத்த காலணி, ஓர் அளவு பெரியது,
உள்ளே இரண்டு காலுறை.
இரவுப் பணி முடித்து, கையில் நண்டு வாடையோடு,
நீரிணையை ஒட்டிய சாலை.
குளிர்பெட்டிக் கதவில் சாக்பீஸ் கோடுகள்:
இரண்டு. இரண்டு. மூன்று.
ஐந்து!
பிறகு ஆலங்கட்டி மழை, ஒன்று.
அந்த ஒற்றைக் கோட்டை அழித்துவிடலாமா என்று
துணியை நனைத்துக்கொண்டு வந்தேன்.
அழிக்கவில்லை.
பக்கத்தில் இன்னொன்று போட இடம் விட்டேன்.

எல்லாவற்றுக்கும் காற்றைத் திட்டினேன்.
நெஞ்சு அடைத்தால் காற்று,
கால் பின்னினால் காற்று,
போக மனமில்லாமல் படுத்துக் கிடந்த நாளிலும்
சன்னலைக் காட்டி, காற்று.

ஒரு நாள் அலுப்பில் மிக மெதுவாக ஓடினேன்.
குழந்தை வண்டி தள்ளி நடந்துபோனவள்
என்னைத் தாண்டினாள்.
வெட்கமாக இருந்தது.
ஆனால் பாதி மரம் உதிர்ந்துபோன பழைய படகுத்துறை,
அதில் வரிசையாக நிற்கும் நீர்க்காகங்கள்,
இதுவரை சாலையின் அந்தக் கோடியில்
கறுப்புப் புள்ளிகளாக மட்டும் இருந்தவை,
அன்று ஒவ்வொன்றாகக் கழுத்தைத் திருப்பின.
பதினான்கு கம்பம்.
வேகத்தை விற்றுத் தூரம் வாங்கலாம் என்பது
கடையில் நின்று பேரம் பேசியே பிழைத்த எனக்கு
இத்தனை நாள் தெரியாமல் போனது.

ஜூன் மாதம்.
நண்டுப் பருவம் முடிந்து சிப்பி உடைக்கும் காலம்.
எட்டு மணிக்கும் இருட்டு.
வெளியே வந்தால் ஏதோ தப்பாக இருந்தது.
புகைபோக்கிகளிலிருந்து புகை
நேராக எழுந்து நின்றது.
கடல் தகரத்தட்டு.
தலைமுடி முகத்தில் அடிக்கவில்லை.
காற்று இல்லை.

பயந்துபோனேன்.
இன்று நின்றால், நின்றது நான்.

ஓடினேன்.
ஆறாவது கம்பத்தில் பின்னால் யாரோ
ரம்பம் அறுப்பதுபோல் சத்தம்.
திரும்பினேன், யாரும் இல்லை.
மறுபடி ஓட, மறுபடி அதே சத்தம்.
என் மூச்சு.
எட்டு மாதமாகக் காற்று என்று
நான் திட்டியதில் பாதி
இதுதான்.
கரகரவென்று, கோபக்காரிபோல்,
ஆனால் விடாமல்.
அதனோடு பேசிக்கொண்டே போனேன்.
இருபது, இருபத்தொன்று,
பிறகு எண்ணிக்கை தவறியது.
தலை நிமிர்ந்தபோது
விளக்குகள் தீர்ந்துபோயிருந்தன.
முன்னால் வெறும் சாலை, கொஞ்சம் பனி,
நீரிணைக்கு அப்பால் மங்கலாக ஒரு கரை.

மறுநாள் காற்று வந்தது, ஐந்தில் நின்றேன்.
அதையும் கோடு போட்டேன்.

பொர்வெனிர் படகுக்கு இப்போதும்
அரை மணி முன்னாலேயே போய் நிற்கிறேன்.
ஓடத் தெரியும் என்பதற்காக
ஓடியே ஆக வேண்டுமா என்ன.