விசாகத்துக்கு முந்தின மாலை

ஓடையின் சூடு இருபத்தெட்டு புள்ளி நாலு.
தேத்தண்ணி நிறம், புளிப்பு நீர்.
ரோஸ்லான் வலையை உதற
விரல்நீளக் கெளிறு ஒன்று.
அளந்து, குறித்து, விட்டோம்.
போன வருஷம் ஒன்பது.

லோயர் பியர்ஸ் படிகளில் இறங்கி வந்தார்
திருமதி குவேக்.
கையில் பிளாஸ்டிக் பை,
உள்ளே தோபாயோ கடையில் வாங்கிய பன்னிரண்டு மீன்.
புருஷனின் முழங்கால் அறுவைக்காக
உயிருக்கு உயிர்.

இந்தத் தண்ணீர் இதுகளுக்கு ஒத்துக்காது ஆன்ட்டி, என்றேன்.
தப்பிப் பிழைப்பது
இங்குள்ள குஞ்சுகளைத் தின்னும், என்றேன்.
அபராதத்தைச் சொல்லவில்லை.

கோபப்படுவார் என்றிருந்தேன்.
பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.
“அப்ப எங்கதான் விடுறது?”

என் படிவத்தில்
வெப்பம் உண்டு, ஆழம் உண்டு, அமிலம் உண்டு.
அதற்குக் கட்டமில்லை.

அலுவலகத்தின் பின்புறம்
இப்போது ஒரு சிவப்பு வாளி.
பதினொன்று நீந்துகின்றன.
ரோஸ்லான் விடியுமுன் வந்து
காற்றுக்குழாயைத் தட்டிப் பார்க்கிறான்.
வியாழன்தோறும் ஆன்ட்டி வருகிறார்;
அவர் கோலூன்றி
லிஃப்ட் வரை நடக்கிறாராம்.

இன்று வலையில் கெளிறு இல்லை.
ராத்திரி மழை,
அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது
என்கிறான் ரோஸ்லான்,
வலையை மறுபடி நனைத்தபடி.