நொடிக்கு இருநூற்று நாற்பது

மோரே கடற்கரையில், பதினெட்டாம் குழிக்குப் பின்னால்
நிறுத்திய லாரிக்குள் எனக்கு வேலை.
ஜன்னல் கிடையாது.
கடல் எந்தப் பக்கம் என்று
பன்னிரண்டு திரைகளைப் பார்த்துத்தான் சொல்வேன்.

சனிக்கிழமை மாலை ஐந்தேகாலுக்குத் தொலைபேசி.
லீட்ஸ் நகரிலிருந்து ஒருவர்,
பின்னணியில் கெட்டில் கொதிக்கும் சத்தம்.
"பதிமூன்றாம் குழி, மணற்பள்ளம்.
அடிக்க நிற்கும்போதே அவள் மட்டை மணலைத் தொட்டது.
விதியென்றால் எல்லோருக்கும் விதிதானே?"
பெயர் கேட்டோம். வைத்துவிட்டார்.

நடுவர் டன்பார் உள்ளே வந்தார்,
தொப்பியில் மழை சொட்ட.
"போடு" என்றார்.
போட்டேன்.
மட்டை தாழ்கிறது, மணல் பறக்கிறது, பந்து எழுகிறது.
ஒன்றுமில்லை.
"மெதுவாக."
பாதி வேகம். ஒன்றுமில்லை.
"இன்னும்."

நொடியை இருநூற்று நாற்பதாக நறுக்கினால்
என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியும்.
கண் சிமிட்டுகிறவன் தூங்குகிறவனாகத் தெரிவான்,
கை குலுக்குகிறவன் விட மறுக்கிறவனாக.
தற்செயல் என்பதே அங்கே கிடையாது,
எல்லாமே யோசித்துச் செய்ததுபோல் இருக்கும்.

நூற்றுப் பதினோராவது பிரேமில்
நான்கு மணல்துகள்.
எண்ணினேன், நான்குதான்.
மட்டையின் அடிவிளிம்பு உரச உருண்டன,
அவ்வளவு பெரிய திரையில், மலைச்சரிவு மாதிரி.
டன்பார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்,
மறுபடி போட்டுக்கொண்டார்.

ஷோனா கெடஸ் அட்டையில் கையெழுத்திட்டு
அரைமணி நேரம் ஆகியிருந்தது.
ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தாளாம்.
தொட்டதற்குத் தண்டம் இரண்டு ஸ்ட்ரோக்.
தெரியாத தவற்றை
எழுதாமல் விட்டதற்கு இன்னும் இரண்டு.
முதலிடத்தில் தூங்கப் போயிருக்க வேண்டியவள்.

சத்தம் போடவில்லை.
என் நாற்காலிக்குப் பின்னால் நின்று
தன் கையைத் தானே பார்த்தாள்,
யாரோ ஒருத்தியின் கையைப் பார்ப்பதுபோல.
"ஆமாம், தொட்டிருக்கிறது" என்றாள்.
கொஞ்ச நேரம் கழித்து, "எனக்குத் தெரியவில்லை."
இரண்டும் உண்மை.
விதிப் புத்தகத்தில் ஒன்றுக்குத்தான் இடமிருந்தது.

நியாயம்தானே என்று நானும் சொல்லிப் பார்த்தேன்.
மணல் நகர்ந்தது நகர்ந்ததுதான்.
ஆனால் அன்று ஆடியவர்கள் எழுபத்திரண்டு பேர்;
காமிராக்கள் பதினான்கு,
பதினான்கும் முதல் ஐந்தாறு பேர் பின்னாலேயே.
காலை ஏழரைக்கு, புல்லில் ஈரம் காயுமுன்,
அறுபத்தெட்டாம் இடத்திலிருந்த இங்கெலா
அதே பள்ளத்தில் இறங்கி ஏறினாள்.
அதற்கு என்னிடம் படமில்லை.
அவள் மட்டை நான்கு துகளைத் தொட்டதோ நாற்பதைத் தொட்டதோ,
வேலியில் இருந்த கடற்காக்கைக்குத்தான் தெரியும்.
நன்றாக ஆடுகிறவளுக்கு ஆயிரம் கண்;
மற்றவர்களுக்கு மனசாட்சி போதும்
என்று விட்டிருக்கிறோம்.

கண்ணால் கண்டதும் பொய் என்பார்களே,
இது எந்தக் கண்ணும் காணாதது.
தீர விசாரிக்க வேண்டியது எதை?
துகளையா, கையையா,
கெட்டில் கொதித்த அந்த வீட்டையா?

இரவு, மற்றவர்கள் கேபிள் சுற்றும்போது,
நான்காம் காமிராவின் பதிவைத் தனியே ஓட்டினேன்.
யாரும் கேட்காத கோணம். முகம் மட்டும்.
மட்டை உரசிய அதே கணத்தில்
அவள் கண் கொடியில் இருக்கிறது.
முன்னும் பின்னும் அங்கேயே இருக்கிறது.
காற்றில் ஒரு முடிக்கற்றை வாயோரம் ஒட்டியிருக்கிறது,
அதைக்கூட அவள் அறியவில்லை.

பிற்பாடு விதியை மாற்றினார்கள்.
வெறுங்கண்ணுக்குத் தெரியாதது குற்றமல்லவாம்;
வீட்டிலிருந்து வரும் அழைப்பை
இப்போது யாரும் எடுப்பதில்லை.
ஷோனாவின் அட்டையில் அந்த நான்கு அப்படியே நிற்கிறது.

நான் அந்தப் பதிவை அழிக்கவில்லை.
கொண்டுபோய்க் காட்டவுமில்லை.
"போடு" என்று எவரும் சொல்லவில்லை,
அதுதான் என்னிடமிருந்த காரணம்.
அந்தக் காரணத்தை
நொடிக்கு இருநூற்று நாற்பதாக நறுக்கினால்
என்ன தெரியுமென்று
இன்னும் நான் ஓட்டிப் பார்க்கவில்லை.