நிலுவையில் உள்ள கோப்பு

கப்பல் பதிவேட்டில் அவனுக்கு ஒன்றரை வரி.
வேம்புலி, த/பெ சடையன், வயது இருபத்திரண்டு,
போளூர் தாலுக்கா,
உயரம் ஐந்தடி இரண்டங்குலம்,
இடது புருவத்தில் தீத்தழும்பு.
அப்புறம் ஓர் எண்.

பத்து வருஷம் கழித்து
பதின்மூன்றாம் ஆண்டு வேலைநிறுத்தத்தில்
ஆலை வாசலில் கை நீட்டி வண்டிகளை மறித்தான்.
ஒரு போலீஸ்காரன் எழுதி வைத்ததால் தெரியும்.
சுட்டது யார் என்று அவன் எழுதவில்லை.

வெருலத்தில் சிலை வைக்கலாம் என்று சபை தீர்மானித்தபோது
முகம் கேட்டு விளம்பரம் கொடுத்தோம்.
நாற்பத்தொரு குடும்பங்கள் மூக்கு அனுப்பின,
போட்டோ ஒட்டி, சத்தியக் கடுதாசி வைத்து.
மீசை உண்டா இல்லையா, அதற்கே மூன்று கூட்டம்.
முண்டாசு வேண்டும் என்றார் ஒருவர்.
என்ன சாதி என்று கேட்காமலே கேட்டார் இன்னொருவர்.

சிற்பி புசிசிவே ந்துலி
எல்லா மூக்கையும் திருப்பி அனுப்பிவிட்டாள்.
தழும்பு போதும் என்றாள்.
மெழுகு இளகியிருந்தபோது
புருவத்தில் கட்டைவிரலால் ஒரே அழுத்து.
வெண்கலத்தில் இன்னும் அவள் ரேகை ஓடுகிறது.

திறப்பு விழா அன்று மழை.
துணி ஈரத்தில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.
வந்த பிறகுதான் பார்த்தேன், பீடத்துத் தமிழை.
கப்பல் குமாஸ்தாவின் ஆங்கிலத்திலிருந்து
யாரோ திரும்பப் பெயர்த்திருக்கிறார்கள்:
வெம்புளி.
அவனுக்குள் இருந்த புலி
ரசத்துக்குப் போய்விட்டது.
எனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும்,
ஆனாலும் இது தெரியும்.
திருத்தச் சொல்லிக் கடிதம் போட்டேன்.
டெண்டர் விட வேண்டும் என்றார்கள்.
அது ஆறு வருஷம்.

மின்வெட்டு இரவொன்றில்
வலது கையை மணிக்கட்டோடு அறுத்துப் போனார்கள்.
பீனிக்ஸ் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது.
மூன்று கிலோ நானூறு.
வெண்கலமில்லை, பித்தளை என்று
விலையைக் குறைத்திருந்தான் கடைக்காரன்.
அறுத்தவனுக்கு வயது இருபது.
அவனையும் உயரம் அளந்து, தழும்பு பார்த்து,
எண் போட்டுத்தான் உள்ளே அனுப்பினார்கள்.

பற்றவைக்க மூன்று கொட்டேஷன் வேண்டும்.
இரண்டு வந்திருக்கிறது.
அதுவரை கை என் மேசையில்,
மணிக்கட்டை ஊன்றி,
என்னைப் பார்த்து நில் என்றபடி.
கூட்டிப் பெருக்க வரும் மிசஸ் செலே
முதல் வாரம் அதற்குத் துணி போர்த்தினாள்.
இப்போது விரல் விரலாகத் துடைக்கிறாள்.

கரும்பு எரிக்கிற மாதம் இது.
கருஞ்சாம்பல் ஜன்னல் ஏறி வந்து
விரலிடுக்கில் தங்குகிறது.
காற்றில் கோப்பு படபடக்கும்போது
வேறு எதுவும் அகப்படாமல்
அந்தக் கையையே நகர்த்தி மேலே வைக்கிறேன்,
புளி என்ற இடம் மறைய.