இரண்டு ப்ளஸ்

மார் தெல் பிளாத்தா துறைமுகத்தில்
மஞ்சள் படகுகள் கரையடைந்த மாலை
ஆய்வகத்தின் பின்கதவைத் தட்டினாள்
நேலிதா பஸ்தெரிக்கா.
அறிக்கையை நான்காய் மடித்திருந்தாள்.

"ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, இல்லை.
புரோஜெஸ்ட்ரோன் ஏற்பி, இல்லை.
சரி, இல்லையென்றால் இல்லை.
இது என்ன, ஹெர்-டூ, இரண்டு ப்ளஸ்?
எதில் இரண்டு?"

மூன்றென்றால் உண்டு.
ஒன்றென்றால் இல்லை.
தெரியாது என்பதை
நாங்கள் இரண்டு என்று எழுதுகிறோம்.

பதினேழு வருடமாய் மெர்லூசா மீனைத்
தோலுரித்து முள்ளெடுத்து
கிலோவுக்கு இவ்வளவென்று கூலி வாங்குகிறவள்.
அவள் தராசில்
தெரியாது என்றொரு கோடு கிடையாது.

விதிப்படி கூடாது. ஆனாலும்
இருட்டறைக்குள் அழைத்தேன்.
இந்தச் சோதனைக்குப் பெயர் ஃபிஷ் என்றேன், அர்த்தமும் சொன்னேன்.
மூக்கால் சிரித்தாள்.
"இங்கேயுமா?"

கண்ணாடிச் சில்லில் அவள் மார்பு,
நான்கு மைக்ரான் கனத்தில்.
நீல உட்கருக்கள்.
உள்ளே சிவப்பும் பச்சையுமாய்ப் புள்ளிகள்.
வானத்தில் கிடந்தால் விண்மீன் என்போம்.
"சீக்கிரம் பாருங்கள், ஒளி பட்டுப் பட்டு மங்கிவிடும்."

"பச்சையைப்போல் இரண்டு மடங்கு சிவப்பு இருந்தால்?"
வேகமாய் வளரும் ஜாதி. பொல்லாதது.
"இல்லாவிட்டால்?"
அதற்கென்றே வந்த மருந்து
உங்களுக்கு உதவாது.

குளிர்பெட்டி இரைந்துகொண்டிருந்தது.
"அப்போ நான் எதை வேண்டிக்கொள்வது?"

அந்தக் கட்டம் எங்கள் படிவத்தில் இல்லை.

இருபது செல் எண்ணினோம்.
நான் விசையைத் தட்டித் தட்டி.
அவள் உதட்டுக்குள்,
பெட்டி எண்ணுகிற வேகத்தில், எனக்கு முன்னால்.
ஒன்பதாவது செல்லில் சண்டை.
ஒட்டிக்கிடந்த சிவப்பு இரண்டை
ஒன்றாக எண்ணவேண்டும் என்றேன்.
"ஒட்டிக்கிடந்தால்? மீன் இரண்டுதானே!"
ஒன்றென்றே பதிந்தேன்.

சிவப்பு நூற்று முப்பத்தொன்று.
பச்சை முப்பத்தெட்டு.
வகுத்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

"பொல்லாத மீன்" என்றாள்.
"தூண்டில் கவ்வும் மீன்" என்றேன்.
டிராஸ்டுஸுமாப்:
அவள் நாக்குக்கு வராத பெயரைத்
தாளின் ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன்.
நாளை இன்னொருவர் எண்ணுவார்,
அதன்பிறகுதான் கையெழுத்து,
அதுவரை யாரிடமும் சொல்லவேண்டாம் என்றேன்.
"இரண்டு ப்ளஸ்தான் என்று சொல்கிறேன்."

போனபின் பார்த்தால்
நுண்ணோக்கியின் திருகில் எலுமிச்சை வாசம்.
கவிச்சி போகக் கையில் தேய்ப்பார்கள்.

துடைத்துவிட்டு
அடுத்த சில்லை வைத்தேன்.