எண்பதாயிரம்

பொகோட்டாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தை.
ஓசூர் கம்பெனி வண்டியை
அந்த ஊர் மெக்கானிக்குகளுக்குக்
கழற்றிக் காட்டி, பூட்டிக் காட்டப் போன
பதினோரு நாளில்
எனக்கென்று கிடைத்தது ஒன்றரை மணி நேரம்.

நூல்பை விற்றவள் பேச்சை நிறுத்தவே இல்லை.
பையை என் தோளில் மாட்டினாள்.
வாரை என் உயரத்துக்கு இழுத்துவிட்டாள்.
ஓரடி பின்னால் போய்
ஜாக்கெட் தைப்பவள் மாதிரி
தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.
பிறகு கால்குலேட்டரை நீட்டினாள்:
எண்பதாயிரம்.

அத்தனை சைபரைக் கண்டதும்
அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்குவதுபோல
பையை இறக்கி வைத்துவிட்டேன்.
கால்குலேட்டர் இன்னும் நீட்டியபடியே இருந்தது.
நான் நகர்ந்துவிட்டேன்.

அந்தச் சந்தையில் பயமில்லாமல் கை வைத்தது
ஒரு தக்காளிக் குவியலில் மட்டும்.
ராயக்கோட்டை மண்டியில் பொறுக்குகிற கைக்குத்
தக்காளி எந்த ஊரிலும் தக்காளிதான்.
ஒன்றை வாங்கி
நின்ற இடத்திலேயே கடித்துத் தின்றேன்.
மிச்சச் சில்லறை எண்ணாமலே பர்சுக்குள் போனது.

விமானத்தில்தான்,
பக்கத்து சீட்டுக்காரர் குறட்டை விட்ட பிறகு,
ஐம்பதால் வகுத்துப் பார்த்தேன்.
ஆயிரத்து அறுநூறு ரூபாய்.
போன தீபாவளிக்கு நாத்தனாருக்கு எடுத்த சேலை
அதைவிட ஜாஸ்தி.
மேகத்துக்கு மேலே உட்கார்ந்து
தலையில் அடித்துக்கொண்டேன்.

காவேரிப்பட்டணத்தில் ஏழு பேர் காத்திருக்கிறார்கள்.
கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டிலேயே
பெட்டியோடு இறங்கினேன்.

ஷமீம் பானுவின் பேன்ஸி ஸ்டோர்.
"எந்த மாதிரி வேணும்?"
"இந்த ஊர்ச் சாமான் மாதிரி
இருக்கக் கூடாது."
கடை முழுக்க ஒரு கை வீசிக் காட்டினாள்.
"அப்படின்னா எதை வேணா எடுங்க.
இந்த ஊர்ச் சாமான் கேட்டிருந்தாத்தான்
முழிச்சிருப்பேன்."

சீனத்துச் சாவிக்கொத்து நான்கு.
சென்னபட்டணத்து மரக்கிளி ஒன்று.
எந்த ஊர் என்று அவளுக்கே தெரியாத
கோடு போட்ட பைகள் இரண்டு.

"எழுநூத்து இருபது."
"நானூறு."
"அக்கா, கிளிக்கே இருநூறு போட்டுருக்கு."
"கிளி பறக்குமா?"
அவள் சிரித்தாள். எனக்கு நாக்கு திரும்பி வந்திருந்தது.
ஐந்நூற்று நாற்பதில் முடித்து
அவள் கால்குலேட்டரை என் பக்கம் திருப்பியபோதுதான்
சுருக்கென்றது.

அந்த ஊர்க்காரி நீட்டியது
விலை சொல்ல மட்டும்தானா?
நான் ஓர் எண்ணை அடித்துத் தருவேன் என்றா
அவ்வளவு நேரம்
கையை மடக்காமல் நின்றாள்?

பஸ்ஸில் வரும்போதே
லேபிள்களை நகத்தால் கிள்ளி எடுத்தேன்.
ஒட்டின பசை போக எச்சில் தொட்டுத் தேய்த்தேன்.

வீட்டில் ஒரே கூச்சல்.
"அந்த ஊர்க் கிளி என்ன பாஷை பேசும்?"
என்றாள் யாழிசை.
"கிராசியாஸ்," என்றேன்,
எனக்குத் தெரிந்த ஒரே வார்த்தை.
ராத்திரி வரைக்கும் தெருவில்
அந்த மரக்கிளி நன்றி சொல்லிக்கொண்டே இருந்தது.

எல்லோரும் படுத்த பிறகு
கிளியைக் கவிழ்த்துப் பார்த்தார் மாதையன்.
அடிவயிற்றில் நான் பார்க்காமல் விட்ட ஸ்டிக்கர்.
"ஏம்மா, அந்த ஊர்லயும்
ரூபாயிலதான் விலை போடுவாங்களா?"

நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.
அவர் ஸ்டிக்கரைப் பிய்த்து
உருட்டி
ஜன்னலுக்கு வெளியே சுண்டிவிட்டார்.
அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

காலையில் பர்சைக் கொட்டினேன்.
தக்காளி வாங்கிய மிச்சத்தில்
இருநூறு பெசோ நாணயம் இருந்தது, ஒன்றே ஒன்று.
ஒரு பக்கம் எண்.
மறுபக்கம், வளைந்த அலகோடு
ஒரு கிளி.
நிஜமாகவே அந்த ஊர்க் கிளி, நாலு ரூபாய்க்கு.

இதையாவது யாழிசைக்குக் கொடுக்கலாமென்று
டிவி மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.
வந்து பார்த்தால் இல்லை.

பால் பாக்கெட்டுக்குச் சில்லறை பற்றாமல்
டிவி மேல் கிடந்ததையும் சேர்த்துக் கொடுத்தாராம் மாதையன்,
ஒரு ரூபாய் என்று நினைத்து.
கடைக்காரரும் வாங்கிப் போட்டுக்கொண்டாராம்,
ஒரு ரூபாய் என்று நினைத்து.

இப்போதெல்லாம் யார் சில்லறை தந்தாலும்
திருப்பிப் பார்த்துத்தான் வாங்குகிறேன்.